நிலை: எரிகிறது

(அகுவா மன்சா, ஹலிஸ்கோ, மெக்சிகோ, 1926)

ஆகஸ்ட் முதல் தேதி.
பூசை இல்லாத முதல் ஞாயிறு.
பேரூராட்சிச் செயலாளன் செலெதோனியோ ஆகிய நான்
கோடு போட்ட பதினோரு தாள்,
இரண்டு பேனா, ஒரு மைக்கூடு சகிதம்
எனக்கு ஞானஸ்நானம் நடந்த கட்டடத்துக்குள்
அரசாங்கத்தின் சார்பாக நுழைந்தேன்.

கால் தன்பாட்டுக்கு மடிந்தது.
லெப்டினன்ட் உரியாஸ் பார்த்துவிட்டான்.
வடக்கத்தியான், வாயில் சுருட்டு.
மடிந்த காலை வீணாக்காமல்
பீடத்தின் கீழ்ப்படியை அளந்தேன்:
கல். நாலரை மீட்டர். ஒரு விரிசல்.
அன்று முழங்காலுக்குக் கீழே இருந்தவற்றையெல்லாம்
நானேதான் எண்ணினேன்.
உதவிக்கு வந்த பையனை
மணிக்கூண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

படிவத்தில் பத்திகள் ஐந்து:
எண், பொருள், எதனால் ஆனது, நிலை, மதிப்பு.
மெழுகுத்தண்டு, பித்தளை, பதினெட்டு.
சிலுவைப்பாதைப் படம் பதினான்கு,
பதினொன்றாவதில் செல்லரிப்பு.
சூசையப்பர் சுரூபம், இடது கை இல்லை
(எட்டு வயதில் பந்தெறிந்து உடைத்தவன் நான்,
அதற்குப் பத்தி இல்லை).
பாவசங்கீர்த்தனக் கூண்டு, தேவதாரு,
வலைப்பின்னலில் நெற்றிகள் பட்டுப் பட்டுக் கறுத்த இடம்.
நிலை: பயன்படுத்தப்பட்டது.

அரசன் அன்று கொல்வான்,
தெய்வம் நின்று கொல்லும்.
தவணை வேறு வேறு என்கிற தைரியத்தில்தான்
என்னைப்போன்றவர்கள் சம்பளம் வாங்குகிறோம்.
அன்று இரண்டு பேரும்
ஒரே வாசலில் நின்றார்கள்.

அறுபதாம் வரிசை: பீடத்தருகே தொங்கும் விளக்கு.
சாமியார் முந்தின இரவே போய்விட்டார்.
எந்தக் கழுதை, எந்தத் திசை, கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எழுத வேண்டியிருக்கும்.
நற்கருணையைக் கூடவே கொண்டுபோயிருந்தால்
விளக்கை அணைத்திருப்பார்.
எரிந்துகொண்டிருந்தது.
பேழை பூட்டியிருந்தது.

"உள்ளே என்ன?" என்றான் உரியாஸ்.
"மதிப்பிட எனக்கு அதிகாரமில்லை" என்றேன்.
சட்டப்படியும் அது சரி.
சிரித்தான். வெயில், பசி,
குதிரைகளுக்கு வேறு தண்ணீர் காட்ட வேண்டும்.
படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.
எழுதியிருந்தது:
விளக்கு, வெள்ளி, ஒன்று.
நிலை: எரிகிறது.

கதவைச் சாத்தி அரக்கு வைத்ததும் நான்தான்.
தெருவில் மண்டியிட்ட பெண்களுக்கு நடுவே
என் மனைவி எதூவிஹெஸ். தலை நிமிரவில்லை.
எட்டு நாள் உப்பில்லாமல் பரிமாறினாள்.
கோயில்பிள்ளை பாந்தலியோன்
துப்பாக்கியோடு மலையேறினான்.
பனி விழும் மாதத்தில்
அவன் இறப்பைப் பதிந்தது இந்தக் கை.
"கலகக்காரர்" என்று எழுதச் சொல்லியிருந்தார்கள்.
தொழில் என்ற இடத்தில்
"மணியடிப்பவர்" என்று எழுதினேன்.
அதற்குமேல் தைரியம் இல்லை.

தேசத்தின் சொத்தைக்
கண்ட நிலையிலேயே காப்பது செயலாளன் கடமை.
வலது கையை நீட்டிச் சத்தியம் செய்திருக்கிறேன்.
ஆகவே வெள்ளிதோறும் பக்கவாசல் திறந்து
பேரூராட்சிக் கணக்கில்
அரை லிட்டர் எண்ணெய்.
ரசீது உண்டு.
ஊற்றும்போது கால் மடிந்ததா என்பதற்கு
ரசீது இல்லை.

மறுவருஷம்
குவாதலஹாராவிலிருந்து தணிக்கையாளர் வந்தார்,
தடித்த கண்ணாடி, ஓயாத இருமல்.
ஐம்பத்திரண்டு ரசீதையும் புரட்டினார்.
அறுபதாம் வரிசையை இரண்டு தரம் படித்தார்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு,
"திரியைக் கொஞ்சம் இறக்கி வையும்,
பாதி எண்ணெய் மிச்சமாகும்" என்றார்.
விசுவாசியா, கஞ்சனா,
இன்றுவரை தெரியவில்லை.

இறக்கி வைத்தேன்.
அதற்கப்புறம்
கதவிடுக்கில் கண்வைத்துப் பார்ப்பவர்கள்
சற்று அதிக நேரம்
நிற்க வேண்டியிருந்தது.